கூரை ஒழுகல்: சொட்டும் நேரத்தை வைத்து ஓட்டையைப் பிடிக்கும் வழி

சீலிங்கில் ஈரக்கறை தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் நேராக மேலே ஏறி, கறைக்கு நேர் மேலே உள்ள இடத்தில் சிமெண்டைக் கரைத்துப் பூசிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடி சொட்டும். தண்ணீர் நுழைகிற இடமும் சொட்டுகிற இடமும் பல வீடுகளில் ஒன்றாக இருப்பதில்லை. கான்கிரீட் தளத்தில் ஒரு விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர், உள்ளே போட்டிருக்கும் வயர் குழாயில் புகுந்தோ, கலவை சரியாக நிரம்பாத பொந்துகளில் புகுந்தோ பக்கவாட்டில் ஓடி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வெளியே வரும். ஓட்டுக் கூரையில் கைமரத்தைப் பிடித்துக்கொண்டே சரிவில் இறங்கி, ஏதோ ஒரு ஆணித் தலையில் வந்து சொட்டும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நுழைந்திருந்தால் கூட ஆச்சரியப்படாதீர்கள்.

அதனால் யார் வீட்டில் ஒழுகினாலும் நான் முதலில் கேட்பது, எப்போது சொட்டுகிறது என்பதைத்தான். மழை பிடித்து எத்தனை நிமிடத்தில்? மழை நின்ற பிறகா? காற்று ஒரு பக்கமாக அடித்தால் மட்டுமா? மழையே இல்லாத நாளிலுமா? இரண்டு மூன்று மழைக்கு இதைத் தாளில் குறித்து வையுங்கள், கூடவே கறையின் ஓரத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு பக்கத்திலேயே தேதியும் எழுதிவிடுங்கள். காசு செலவில்லாத இந்த வேலை, எந்த விலை உயர்ந்த பூச்சையும்விட அதிகம் உதவும்.

இப்போதே ஒழுகிக்கொண்டிருந்தால்

மழையில் கூரை மேல் ஏறாதீர்கள். பாசி பிடித்த ஈரத்தளமும் ஈர ஓடும் வழுக்கும், இடி மின்னல் வேறு. உள்ளே இருந்தபடியே செய்யக்கூடியதைச் செய்யுங்கள். விளக்கு, ஃபேன், சுவிட்ச் பெட்டி பக்கத்தில் ஈரம் இருந்தால் அந்தப் பகுதிக்கான மின்சாரத்தை மெயின் பெட்டியிலேயே நிறுத்துங்கள். ஆனால் அந்த மெயின் பெட்டியே நனைந்திருந்தால் கை வைக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பொய்க்கூரைப் பலகை தண்ணீர் தேங்கித் தொப்பை போல இறங்கியிருந்தால், கீழே பெரிய வாளியை வைத்து, ஓரமாக நின்று, தொங்கும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சின்னத் துளை போட்டு வடித்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இருபது லிட்டர் தேங்கினால் அந்தப் பலகை மொத்தமாக இடிந்து யார் தலையிலாவது விழும். சொட்டுகிற சத்தம் தாங்கவில்லை என்றால் சொட்டும் இடத்திலிருந்து வாளி வரைக்கும் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள், தண்ணீர் நூலைப் பிடித்தே இறங்கிவிடும்.

மழை பிடித்த சில நிமிடங்களிலேயே சொட்டுகிறது

அப்படியென்றால் திறந்த வழி ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் ஊறி வரவில்லை, நேராக வருகிறது. இது பெரும்பாலும் ஓட்டுக் கூரையிலும் தகரக் கூரையிலும் பார்க்கிற அறிகுறி.

ஓட்டுக் கூரை என்றால் மழை இல்லாத பகலில் பரணுக்குள் போய், விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். உடைந்த ஓடும் நகர்ந்த ஓடும் இருக்கும் இடத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும். ஓட்டு இடுக்குகளில் இயல்பாகவே கொஞ்சம் வெளிச்சம் வரும், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மரத்தில் ஓடியிருக்கும் ஈரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு சரிவின் மேல்பக்கமாகவே போங்கள், மரத்தில் ஓடுகிற தண்ணீர் ஒருநாளும் கீழிருந்து மேலே ஏறி வந்து சொட்டாது. உடைந்த ஓட்டை மாற்ற, அதற்கு மேல்வரிசை ஓடு இரண்டைக் கொஞ்சம் தூக்கி, உடைந்ததை உருவி, அதே அளவும் அதே அச்சும் உள்ள ஓட்டை உள்ளே தள்ளினால் போதும். அளவு வேறாக இருந்தால் இடைவெளி விழும், புது ஒழுகல் தொடங்கும். முகட்டு ஓட்டின் கலவை வெடித்திருந்தால் மேலேயே பூசி மூடாமல், பழைய கலவையைத் தட்டி எடுத்துவிட்டு, நனைத்து, புதிதாக வைத்துப் பூசுங்கள். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் சருகு அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓடு முழுசாக இருந்தும் ஒழுகுகிற வீடுகளில் காரணம் அங்கேதான் இருக்கும், ஏனென்றால் கூரையில் மிக அதிகமான தண்ணீர் ஓடுகிற இடம் அது.

தகரக் கூரையில் முதல் சந்தேகம் ஸ்க்ரூ மேல்தான். ஸ்க்ரூவின் அடியில் இருக்கிற ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். தகரம் சூட்டில் நீண்டு குளிரில் சுருங்குவதால் ஸ்க்ரூவும் மெல்ல இளகும். இளகியதை முறுக்குங்கள், ஆனால் வாஷர் பிதுங்கி வெளியே வருகிற அளவுக்கு வேண்டாம், அப்படி முறுக்கினால் அதுவே அடுத்த ஓட்டை. துளை பெரிதாகிவிட்டிருந்தால் ஒரு அளவு தடிமனான ஸ்க்ரூவைப் புது வாஷரோடு போடுங்கள். நெளிவுத் தகரத்தில் ஸ்க்ரூ மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்திருந்தால் ஓடுகிற தண்ணீர் முழுக்க அந்தத் துளை மேலேதான் போகும். அடுத்தது இரண்டு தகரம் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடம். அங்கே இடைவெளி இருந்தால் மேலே தாரைப் பூசுவதைவிட, ஸ்க்ரூவைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவில் பியூட்டைல் டேப்பை (இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரப்பர் பசை நாடா) ஒட்டி மறுபடி இறுக்குவதுதான் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய சிமெண்ட் ஷீட் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைத் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். அந்த நார்த்தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். அதன் மேல் கால் வைக்கவும் கூடாது, பார்க்கத் திடமாக இருக்கும், திடீரென்று உடைந்து ஆள் கீழே விழுவார்.

மழை நின்று பல மணி நேரம் கழித்து சொட்டுகிறது, அல்லது மூன்று நாள் தொடர் மழையில் மட்டும் கசிகிறது

இது கான்கிரீட் தளத்தின் கையெழுத்து. எங்கோ தண்ணீர் தேங்கி நின்று, மெல்ல மெல்ல ஊறி இறங்குகிறது. மழை விட்ட மறுநாள் மேலே ஏறிப் பாருங்கள். எங்கெல்லாம் இன்னும் தண்ணீர் நிற்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். இரண்டு நாள் ஆகியும் வற்றாத குட்டை இருந்தால் அங்கே வாட்டம் சரியில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இருந்தால்தான் தண்ணீர் நிற்காமல் ஓடும். ஆனால் முதலில் தண்ணீர் இறங்குகிற வாயைப் பாருங்கள். சருகு, பிளாஸ்டிக் பை, மண், பறவைக் கூடு ஏதாவது அடைத்திருக்கும். வாய் அடைத்து தளம் முழுக்கக் குளமாக நின்ற வீட்டுக்கு, அதைக் கையை விட்டு எடுத்ததுமே ஒழுகல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாயைச் சுற்றியுள்ள வட்ட விளிம்பையும் கவனியுங்கள். பிளாஸ்டிக் குழாயும் கான்கிரீட்டும் வேறு வேறு அளவில் நீளுவதால் அந்த இடம் சீக்கிரம் விட்டுப்போகும்.

அப்புறம் விரிசல். தளம் காய்ந்திருக்கும்போது தெரியாத விரிசல், தண்ணீர் தெளித்துவிட்டு மேல்பரப்பு உலர உலர நின்று பார்த்தால் ஈரக்கோடாகத் தனியாகத் தெரியும். கண்டுபிடித்ததும் உடனே அடைக்காதீர்கள். அது அசைகிற விரிசலா, அசையாத விரிசலா என்று முதலில் தெரிய வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்கு, தன் நீளத்தில் லட்சத்தில் ஒரு பங்கு நீளும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் 10 மீட்டர் தளம், ராத்திரிக்கும் உச்சி வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் அந்தத் தளம் 3 மில்லிமீட்டர் நீளப் பார்க்கிறது. தினமும் இப்படி நீண்டு சுருங்குகிற ஒரு விரிசலில் சிமெண்டை வைத்து அடைத்தால், அந்தச் சிமெண்ட் நாலு வெயில் கூடத் தாங்காது. சோதிக்க, விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டின் இரண்டு முனைகளையும் இபாக்ஸி பசையால் ஒட்டிவிடுங்கள். சில வாரத்தில் கண்ணாடி உடைந்தால் விரிசல் அசைகிறது.

அசையாத விரிசல் என்றால் அதன் நீளத்துக்குக் கிரைண்டராலோ உளியாலோ ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, தூசி ஒரு பொட்டுகூட இல்லாமல் பிரஷ் பண்ணி ஊதி, பாலிமர் சேர்த்த சாந்தை அழுத்தி நிரப்புங்கள். அசைகிற விரிசலுக்கும் அப்படித்தான் வெட்ட வேண்டும், ஆழம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக; நிரப்புவது பாலியூரித்தேன் சீலன்ட் போன்ற நீளும் பொருள். அதன் அடியில் ஒரு ஃபோம் கயிற்றைத் திணித்துவிட்டு மேலே சீலன்ட் போட வேண்டும். சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டினால் ரப்பர் போல இழுபட்டு மீளும், அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட வழியில்லாமல் நடுவில் கிழிந்துவிடும். சிலிக்கானை இங்கே நான் விரும்புவதில்லை. ஒருமுறை தளத்தில் அது பட்டுவிட்டால் மேலே எந்தப் பெயிண்டும் பூச்சும் சரியாகப் பிடிக்காது.

தளம் முழுக்க வலைபோல மயிரிழை விரிசல் என்றால் ஒவ்வொன்றாக வெட்ட முடியாது, அதற்குத்தான் முழுப் பூச்சு. பாசியை முழுசாகத் தேய்த்து எடுத்து, தொள தொளவென்று இருக்கிற பழைய பூச்சைத் தட்டிப் பார்த்து நீக்கி, முதல் கோட் ஒரு திசையில், அது காய்ந்ததும் இரண்டாவது கோட் அதற்குக் குறுக்காக. விரிசல் மேலும் மூலைகளிலும் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே கண்ணாடியிழை வலையைப் பதித்துவிடுங்கள். எந்த வகைப் பூச்சு என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். சிமெண்ட் கலந்த பூச்சுக்குத் தளத்தை நனைத்துவிட்டுப் பூச வேண்டும், பூசிய பிறகும் சில நாள் ஈரம் காட்ட வேண்டும். அக்ரிலிக் பூச்சுக்குத் தளம் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் அதைப் பூசினால் உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் வெயிலில் ஆவியாகி, பூச்சைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். தண்ணீர் தேங்குகிற குட்டையின் மேல் எந்தப் பூச்சும் ரொம்ப நாள் நிற்காது, முதலில் வாட்டத்தைச் சரி செய்யுங்கள்.

தளத்தின் மேல் தட்டையான தள ஓடு பதித்திருந்தால் வேலை கொஞ்சம் சிக்கல். ஓட்டு இடுக்கில் இறங்கும் தண்ணீர் ஓட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் ஓடி எங்கோ ஒரு மூலைக்குப் போய்விடும். ஒரு நாணயத்தால் ஒவ்வொரு ஓட்டையும் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது. அவற்றைப் பெயர்த்து மறுபடி பதித்து, இடுக்குகளைச் சுரண்டி எடுத்து புதிதாக நிரப்ப வேண்டும்.

சீலிங்கின் நடுவில் ஒன்றும் இல்லை, சுவரும் தளமும் சேரும் மூலையில் மட்டும் ஈரம்

நேராகக் கைப்பிடிச் சுவரின் அடிக்குப் போங்கள். தளம் ஒரு நாள் போட்டது, சுவர் இன்னொரு நாள் கட்டியது, இரண்டும் ஒன்றாக அசைவதில்லை, அந்தச் சந்தியில் கோடு விழாமல் இருந்தால்தான் அதிசயம். 90 டிகிரி மூலையில் பூச்சு மடிந்து கிழியும் என்பதால், சந்தியைச் சுரண்டி சீலன்ட் போட்ட பிறகு, மூலையை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குச் சாய்வாகச் சாந்து வைத்து உருட்டிவிட்டு, தளத்துப் பூச்சை சுவரில் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றிப் பூசுங்கள். சுவரின் தலையையும் மறக்க வேண்டாம். அங்கே விரிசல் இருந்தால் மழை சுவருக்குள்ளேயே இறங்கி, தளத்துப் பூச்சுக்கு அடியில் போய் உள்ளே வரும். நீங்கள் தளத்தை எத்தனை தடவை பூசினாலும் பிரயோஜனம் இருக்காது. சுவரின் இடுக்கில் செடி முளைத்திருந்தால் மேலே மட்டும் ஒடித்துப் போடாதீர்கள், வேர் வரைக்கும் கலவையை உடைத்து எடுத்தால்தான் தீரும்.

காற்றோடு அடிக்கிற மழையில் மட்டும் வருகிறது

கூரையை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். ஜன்னல் சட்டத்தின் ஓரம், வெளிச்சுவர் விரிசல், சுவருக்குள் போகிற குழாயைச் சுற்றி, மாடிப்படிக் கதவின் வாசற்படி. ஓட்டிலும் தகரத்திலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் பகுதி குறைவாக இருந்தால் காற்று தண்ணீரைச் சரிவில் மேல்நோக்கித் தள்ளி உள்ளே விடும். எந்தத் திசைக் காற்றில் வந்தது என்று குறித்திருந்தீர்கள் என்றால் ஒரே பக்கத்தை மட்டும் தேடினால் போதும்.

ஃபேன் கொக்கியில் அல்லது விளக்குப் பெட்டியில் சொட்டுகிறது

மின்சாரத்தை நிறுத்துங்கள், இது முதல். அதன் பிறகு தெரிந்துகொள்ள வேண்டியது, ஃபேன் அங்கே குற்றவாளி இல்லை. தளத்துக்குள் வயர் போகிற குழாய் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் தண்ணீரும் போகும், பெட்டி ஒரு வாய், அவ்வளவுதான். குழாய் ஓடும் பாதையில், முக்கியமாக மாடிக்கு வயர் ஏறுகிற இடத்தில், மேலே விளக்குக் கம்பமோ ஆன்டெனாவோ சோலார் கால்களோ தளத்தில் போல்ட் அடித்து நிற்கிற இடத்தில் தேடுங்கள். துணி காய வைக்கிற கம்பிக்காக அடித்த ஒரு கொக்கி போதும் தளத்தைத் திறந்துவிட. பெட்டியைச் சிலிக்கானால் அடைத்துவிடாதீர்கள், தண்ணீர் குழாய்க்குள்ளேயே நின்று அடுத்த அறையின் சுவிட்சில் போய் இறங்கும்.

மழையே இல்லை, ஆனாலும் ஈரம்

அப்போது வானத்தைக் குறை சொல்லக் கூடாது, வீட்டுத் தண்ணீர்தான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறை மூலை மழைக்காலத்தில் ஈரமானது, தளம் முழுக்க இரண்டு கோட் பூசினோம், கோடை வந்தும் கறை வளர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால் மேலே தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாய் வெளியே வருகிற இணைப்பில் சொட்டுச் சொட்டாக வடிந்து, தொட்டி நிற்கிற மேடைக்கு அடியிலேயே ஊறியிருக்கிறது. மேடைக்கு அடியில் வெயில் படாது, யாரும் குனிந்து பார்ப்பதும் இல்லை. ஒரு வாஷரை மாற்றியதோடு முடிந்தது.

சோதிக்க, ராத்திரி தொட்டியின் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிட்டு, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் வால்வில் மூடி, காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியிலோ வால்வுக்கு முந்தைய இணைப்பிலோ கசிவு. இறங்கவில்லை என்றால், வெளியே போகும் வால்வை மட்டும் திறந்துவிட்டு, வீட்டுக் குழாய்களை மூடி இன்னொரு ராத்திரி பாருங்கள், இப்போது இறங்கினால் வால்வுக்குப் பிந்தைய குழாயில். இரண்டிலும் இறங்கவில்லை என்றால் மேல்மாடிக் குளியலறை இருந்தால் அதன் தரை, இல்லையென்றால் ஏசி தண்ணீர் போகிற குழாய். குளியலறைக்கு, இறங்கு வாயை அடைத்து உணவுச் சாயம் கலந்த தண்ணீரை ஒரு நாள் நிறுத்தி வையுங்கள், கீழே சாயம் இறங்கினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

குளிர்ந்த சீலிங்கில் அறைக் காற்றின் ஈரம் படிந்து வியர்ப்பதும் உண்டு. சந்தேகம் இருந்தால், அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, 45 சென்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் சீலிங்குக்கும் நடுவில் துளிர்த்தால் ஈரம் தளத்திலிருந்து வருகிறது. அறைப் பக்கம் துளிர்த்தால் காற்றோட்டம் போதவில்லை.

வெள்ளையாக உப்புப் பூக்கிறது, அல்லது துருக்கறையோடு பூச்சு உதிர்கிறது

உப்பு என்றால் தண்ணீர் கான்கிரீட் வழியாகத் திரும்பத் திரும்பப் போய் வந்து சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கசிவு புதிதல்ல என்று தெரிகிறது. துரு வேறு விஷயம். இரும்பு துருப்பிடித்தால் தன் அளவைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும், அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டை உடைத்து வெளியே தள்ளுகிறது. கம்பி வெளியே தெரிகிறது, தளம் தொய்ந்திருக்கிறது, பெரிய பாளமாக உதிர்கிறது என்றால் இந்த வழிமுறையை மூடிவைத்துவிட்டு, அந்த அறையைக் காலி செய்து, ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். துருவின் மேல் சிமெண்ட் பூசி மறைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே துரு நிற்காது, பூசிய பாளம்தான் அடுத்து விழும்.

எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை

ஹோஸ் பைப்பை எடுங்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே கறைக்கு அடியில், கையில் போன். ஒழுகும் பகுதியின் தாழ்ந்த இடத்தில் தொடங்கி, ஒரு இடத்தில் 15, 20 நிமிடம் தண்ணீர் விட்டு, கீழே ஒன்றும் இல்லை என்றால் கொஞ்சம் மேலே நகருங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா ஓட்டையும் ஒரே சமயத்தில் நனைந்துவிடும், எது என்று தெரியாது. பொறுமை வேண்டும், அவசரப்பட்டு நகர்ந்தால் முந்தைய இடத்தின் தண்ணீர் தாமதமாக இறங்கி உங்களை ஏமாற்றிவிடும்.

தட்டையான கான்கிரீட் தளம் மெல்ல ஊறுகிற வகை என்றால் தண்ணீர் கட்டிப் பார்க்கலாம். ஈரமணலால் சின்ன வரப்பு போட்டு, ஒரு பகுதியில் மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீரை 24 முதல் 48 மணி நேரம் நிறுத்துங்கள். அதுவே 5 சென்டிமீட்டர் நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ, 50 சதுர மீட்டர் தளம் என்றால் இரண்டரை டன். அதனால் மொத்தத் தளத்தையும் ஒரே நாளில் நிரப்ப வேண்டாம், துரு தெரிகிற தளத்தில் இந்தச் சோதனையே வேண்டாம்.

அடைத்த பிறகு இதே சோதனையை அதே இடத்தில் மறுபடி செய்யுங்கள். உள்ளே பெயிண்ட் அடிப்பதற்கு அவசரம் காட்டாதீர்கள். ஊறிய கான்கிரீட் காய வாரக்கணக்கில் ஆகும், பென்சில் கோட்டை இரண்டு நல்ல மழைக்குக் கறை தாண்டாமல் இருந்தால், உப்பைச் சுரண்டி, கறையை மறைக்கும் பிரைமர் ஒரு கோட் அடித்து, அதற்கு மேல் பெயிண்ட் அடிக்கலாம். பிரைமர் இல்லாமல் அடித்தால் பழுப்பு வளையம் புதுப் பெயிண்டிலும் எழும்பி வரும், மறுபடி ஒழுகுகிறதோ என்று நீங்கள் மறுபடி மாடிக்கு ஏணி தேடுவீர்கள்.